வெள்ளச்சியின் ஒரு வரி மசோதா

கரும்பாறைக் காட்டுப் பெரிய குளத்தில் வெள்ளச்சி என்றொரு நாமக்கோழி நீந்தித் திரிந்தாள். உடம்பெல்லாம் அடுப்புக்கரி நிறம். நெற்றியில் மட்டும் சுண்ணாம்பு இழுத்தது போல ஒரு வெள்ளைப் பட்டை. அந்த ஒரு பட்டையைப் பார்த்து வெள்ளச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். காட்டில் பெயர் வைக்கிறவர்கள் முழு ஆளையும் பார்ப்பதில்லை.

குளத்தின் கிழக்குக் கரையில் கோரைப்புல் அடர்ந்து கிடந்தது. அதற்குள்தான் வெள்ளச்சியும் அவள் கணவன் சடையனும் வருடா வருடம் கூடு கட்டுவார்கள். வருடா வருடம் ஒரே கதைதான் நடக்கும். வெயில் ஏறும். மேட்டுக் குட்டை வற்றும். அங்கே புரண்டுகொண்டிருந்த எருமைகள் எழுந்து பெரிய குளத்துக்கு வரும். வந்து, நேராகக் கோரைக்குள் இறங்கும். எருமைகளுக்கு யார்மீதும் பகை கிடையாது. காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கமும் கிடையாது. அவை எழுந்து போனபிறகு கூடு இருந்த இடத்தில் சேறுதான் இருக்கும்.

போன வருடம் முட்டை ஓடுகூட மிஞ்சவில்லை. வெள்ளச்சி அழுதாள். அழுது தீர்ந்ததும் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"இந்த வருஷமும் முட்டையப் பறிகுடுத்துட்டு ஒப்பாரி வைக்க என்னால முடியாதுங்க. நான் பேரவைக்குப் போயி ஒரு சட்டம் கொண்டாரப் போறேன்," என்றாள் சடையனிடம்.

சடையன் பயந்த சுபாவம். "நமக்கு எதுக்கு புள்ள பெரிய எடத்துப் பொல்லாப்பு? கூட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்குவோம்," என்றான்.

"போன வருஷமும் தள்ளித்தான் கட்டுனோம்."

முட்டை இட்டதும் அடைகாக்கும் வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சடையன் ஒப்புக்கொண்டான். வெள்ளச்சி இறகைக் கோதி, நெற்றிப் பட்டையைத் தண்ணீரில் கழுவிப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டு பேரவைக்குக் கிளம்பினாள்.

கரும்பாறைக் காட்டின் பேரவை குளத்தங்கரை நாவல் மரத்தடியில் கூடும். தலைவர் ஆமையார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். ஆமை தலைமை தாங்கும் பேரவை என்ன ஆகும் என்று அந்தப் பழமொழியைச் சொன்னவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அவையில் கூச்சல் கூடினால் ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வார். தலை உள்ளே போனால் அவை ஒத்திவைப்பு. தலை வெளியே வரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். தட்டிப் பார்த்தும் பயனில்லை.

பேரவைச் செயலர் மரகதம் என்ற கிளி. காட்டில் யாருக்கும் எழுத்துத் தெரியாது. ஆகையால் மசோதா கொண்டுவருகிறவர்கள் அதை மரகதத்திடம் சொல்ல வேண்டும். மரகதம் ஒருமுறை கேட்டால் போதும், ஓர் அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். ஒரே ஒரு சங்கடம், அவளுக்கு மறக்கத் தெரியாது. அதனால் பேரவையில் ஒரு விதி செய்திருந்தார்கள். மசோதாவில் எதையும் சேர்க்கலாம், எதையும் நீக்க முடியாது. கிளியின் வசதிக்காகச் செய்த விதிதான். நாளாக ஆக, இது முன்னோர்களின் பெரிய ஞானம் என்று உறுப்பினர்கள் நம்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

வெள்ளச்சி எழுந்து நின்றாள். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே! என் மசோதா இதுதான். கோரைக்குள் எருமை இறங்கக் கூடாது."

மரகதம் அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். ஆமையார் கழுத்தை நீட்டி, அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றாள் வெள்ளச்சி. அவையில் சலசலப்பு எழுந்தது. இவ்வளவு சின்ன மசோதாவை அவர்கள் பார்த்ததே இல்லை. எருமைகளின் தலைவர் காரிமுத்து ஒரு மூலையில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவருக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

ஆனால் ஒருவருக்குக் காது நிமிர்ந்தது. அவர் சட்ட அமைச்சர் நரி சூட்சுமராயர். எருமைகள் கோரைக்குள் இறங்கும்போது நண்டும் குஞ்சும் உயிருக்குப் பயந்து மறுபக்கம் ஓடிவரும். அந்த மறுபக்கத்தில் சூட்சுமராயர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். வருடத்தில் அதுதான் அவருக்குத் தீபாவளி.

அவர் எழுந்து வெள்ளச்சியை வாயாரப் புகழ்ந்தார். இப்படியொரு அருமையான மசோதாவை ஒரே வரியில் விடுவது மசோதாவுக்கே அவமரியாதை என்றார். தேர்வுக் குழுவுக்கு அனுப்பி நன்றாக மெருகேற்றிக் கொண்டுவரலாம் என்றும், எவ்வளவு வேலை இருந்தாலும் அந்தக் குழுவுக்குத் தானே தலைமை ஏற்கச் சித்தமாக இருப்பதாகவும் சொன்னார்.

வெள்ளச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. அமைச்சரே தன் மசோதாவுக்கு மெருகேற்றப் போகிறார்! நரிக்கு நாட்டாமை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும் என்பது அவள் காதில் யாரும் போட்டிராத பழமொழி.

ஆமையார் வாக்கெடுப்பு நடத்தினார். "ஏற்போர் ஆம் என்க. மறுப்போர் இல்லை என்க." அந்தப் பேரவையில் தலைகளை எண்ணுவதில்லை. சத்தம் எந்தப் பக்கம் பெரிதோ அந்தப் பக்கம் வெற்றி. எறும்புகள் லட்சக்கணக்கில் வந்து ஆம் என்று சொல்லியும் ஒரு கழுதையிடம் தோற்றுப்போன வரலாறு அங்கே உண்டு. எல்லோரும் ஆம் என்று கத்தினார்கள். மசோதா குழுவுக்குப் போயிற்று.

குழு மாந்தோப்பில் கூடியது. வெள்ளச்சி கூட்டைக் கட்டி முடித்தாள். குழு கூடிக்கொண்டிருந்தது. வெள்ளச்சி முட்டையிட்டாள், சடையன் ஏறி உட்கார்ந்துகொண்டான். குழு இன்னும் கூடிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் அவள் மாந்தோப்புக்கே போய் விசாரித்தாள். ஆழமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்றது குழு உறுப்பினரான குரங்கு. அதன் முகவாயிலிருந்து மாம்பழச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. தோப்பில் பழம் தீர்ந்த அன்று ஆராய்ச்சியும் தீர்ந்தது. மசோதா பேரவைக்குத் திரும்பியது.

அன்றைக்குத்தான் கூத்து ஆரம்பித்தது.

முதலில் முயல் எழுந்தது. எருமை என்றால் யார் என்று இந்த மசோதாவில் சொல்லவில்லையே என்றது. எல்லோரும் காரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். "அவரைத் தெரிகிறது ஐயா," என்றது முயல். "நாளைக்கு ஒருவர் என்னைப் பிடித்து, நீயும் எருமைதான் என்று சொல்லிவிட்டால் என் கதி என்ன?"

நியாயமான பயம் என்று அவை ஒத்துக்கொண்டது. எருமை என்பது முயலைக் குறிக்காது என்று சேர்த்தார்கள். உடனே அணில் துள்ளி எழுந்தது. முயலை மட்டும் விலக்கினால் அணில் எருமை என்றல்லவா ஆகிறது? அதையும் சேர்த்தார்கள். பிறகு கீரி வந்தது. முள்ளம்பன்றி வந்தது. ஓணான் வந்தது. மரத்தை விட்டு இறங்கியே பழக்கமில்லாத மரங்கொத்திகூட இறங்கி வந்து, தான் எருமை இல்லை என்று எழுதாக் குறையாகச் சொல்லி வைத்துக்கொண்டது. நத்தை வந்து சேர்வதற்காக அவை ஒருநாள் முழுக்கக் காத்திருந்தது.

குரங்குக்கு எருமையாகிவிடும் பயம் இல்லை. கோரைக்குள் கொட்டை எறியும் உரிமை தன் இனத்துக்கு உண்டு என்று ஒரு வரி கேட்டு வாங்கிக்கொண்டது. மயில், தான் ஆடும்போது யாரும் வேறு பக்கம் பார்க்கக் கூடாது என்று சேர்க்கச் சொன்னது. அதற்கும் கோரைக்கும் என்ன சம்பந்தம் என்று கீரி கேட்க, மயில் கோபித்துக்கொள்ள, கூச்சல் கிளம்ப, ஆமையாரின் தலை உள்ளே போய்விட்டது. மறுநாள் தலை வெளியே வந்தபோது முதல் வேலையாக மயிலின் வரியைச் சேர்த்தார்கள்.

ஒவ்வொரு வரி சேரும்போதும் மரகதம் முதலிலிருந்து முழுவதையும் சொல்ல வேண்டும். அவள் மூச்சுவிடாமல் சொல்வாள். அவள் "முயலைக் குறிக்காது" என்னும்போது காரிமுத்துவின் இமை தாழும். "அணிலைக் குறிக்காது" என்னும்போது இமை ஒட்டிக்கொள்ளும். கீரி வரும்போது குறட்டை வரும். தினமும் இதே இடம்தான். என் பிள்ளைகளின் உயிரைப் பற்றிப் பேசுகிறார்கள், இந்த மனுஷன் தூங்குகிறாரே என்று வெள்ளச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் சூட்சுமராயர் எழுந்தார். சின்னதாக ஒரு திருத்தம்தான், எல்லோர் நன்மைக்காகவும்தான் என்று பணிவாகத் தொடங்கினார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "தாகமோ உடம்புச் சூடோ உள்ள எருமை, இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை எருமையாகக் கருதப்பட மாட்டாது. சட்டம் சரியாக நடக்கிறதா என்று கோரைக்குள் இறங்கி ஆய்வு செய்ய அமைச்சருக்கும் விலக்கு உண்டு."

வெள்ளச்சி துள்ளி எழுந்தாள். "ஐயா, எருமைகள் குளத்துக்கு வருவதே தாகத்தாலும் சூட்டாலும்தான். அப்படியானால் இந்தச் சட்டம் யாரைத் தடுக்கும்?" என்று கேட்டாள்.

"தாகமும் சூடும் இல்லாத எருமையை," என்றார் சூட்சுமராயர் கனிவாக. "அது வரவே கூடாது. அதில் நான் கண்டிப்பானவன்."

வாக்கெடுப்பு நடந்தது. நரிகள் ஒரே குரலில் ஊளையிட்டன. காரிமுத்துவை ஒருவர் எழுப்பி, ஆம் என்று சொல்லச் சொன்னார். எதுக்கு என்று காரிமுத்து கேட்டார். சும்மா சொல்லுங்கள் என்றார்கள். அவர் ஆம் என்ற சத்தத்தில் நாவல் பழங்கள் உதிர்ந்தன. வெள்ளச்சி தொண்டை கிழிய இல்லை என்று கத்தினாள். அது அவள் காதுக்கே கேட்கவில்லை. சேர்த்ததை நீக்கக் கூடாதா என்று ஆமையாரிடம் கெஞ்சினாள். கிளிக்கு மறக்கத் தெரியாதே அம்மா என்றார் ஆமையார், நிஜமான வருத்தத்தோடு.

சாயங்காலம் அவள் கூட்டுக்குத் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே சடையனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"புள்ளையாரு புடிக்கப் போயி கொரங்காப் போச்சுங்க," என்று தேம்பினாள் வெள்ளச்சி. "அந்த ஆளு எருமைய உள்ள விட்டதும் இல்லாம தானும் உள்ள வர வழி பண்ணிக்கிட்டான்."

சடையன் அவளைத் தேற்றப் பார்த்தான். அப்படி என்னதான் அந்தச் சட்டத்தில் இருக்கிறது, முழுசாகச் சொல்லு, ஏதாவது வழி தெரிகிறதா பார்ப்போம் என்றான். வெள்ளச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள். முயலைச் சொன்னாள். அணிலைச் சொன்னாள். கீரிக்கு வரும்போது ஏறிட்டுப் பார்த்தால், சடையனின் அலகு மார்பில் கிடந்தது. முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

அவளுக்கு வந்த கோபத்தில் ஒரு கொத்துக் கொத்தியிருப்பாள். அலகை ஓங்கியவள் அப்படியே நின்றாள். சடையனையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. முட்டைக்குள் இருந்த குஞ்சுகளுக்கும் கேட்டிருக்கும், அப்படிச் சிரித்தாள்.

மறுநாள் மூன்றாம் வாசிப்பு, அதாவது கடைசிச் சுற்று. மரகதம் முழு மசோதாவையும் சொல்லி முடித்து அலகை மூடிவிட்டால் கதவும் மூடிவிட்டது. அதற்குமுன் யாராவது சேர்க்க விரும்பினால் சேர்க்கலாம். உச்சி வெயில். மரகதம் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். முயல் தன் வரி வந்ததும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மயில் மரத்திலிருந்து நழுவி விழுந்து, விழுந்த இடத்திலேயே தொடர்ந்து தூங்கியது. விழித்திருந்தவர்கள் நான்கே பேர்தான். சொல்லிக்கொண்டிருந்த மரகதம், கேட்டாக வேண்டிய ஆமையார், பசியோடு நாவால் உதட்டை நக்கிக்கொண்டிருந்த சூட்சுமராயர், வெள்ளச்சி.

கடைசி வரி முடியப்போகும் நேரம் வெள்ளச்சி எழுந்தாள்.

"தலைவர் அவர்களே! ஒன்றே ஒன்று சேர்க்க வேண்டும். இந்தச் சட்டத்தில் விலக்குப் பெற்றுக் கோரைக்குள் இறங்குபவர் யாராக இருந்தாலும், ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும், கரையில் நின்று இந்தச் சட்டம் முழுவதையும் கேட்க வேண்டும். நடுவில் கண்ணை மூடினால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்."

சூட்சுமராயருக்குச் சிரிப்பு வந்தது. பாவம், தோற்றுப்போனவள் ஏதாவது ஒன்றைச் சேர்த்துவிட்டு ஆறுதல் பட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தார். அவருக்காக ஓடைக்கரையில் ஒரு நண்டு வேறு காத்திருந்தது. கேட்டால் காது தேய்ந்தா போய்விடும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, "ஆம்" என்று முதல் குரல் கொடுத்ததே அவர்தான். வெள்ளச்சியும் ஆம் என்றாள். மறுப்போர் இல்லை என்க என்றார் ஆமையார். பதிலுக்குக் குறட்டைதான் வந்தது. ஆமையார் கொஞ்சம் யோசித்து, குறட்டை எந்தக் கட்சியையும் சேராது என்று தீர்ப்புச் சொன்னார். மசோதா நிறைவேறியது. மரகதம் அலகை மூடினாள்.

நிறைவேறினால் மட்டும் போதாது. ஆளுநர் ஒப்புதல் வேண்டும். கரும்பாறைக் காட்டின் ஆளுநர் குன்றின் மேல் இருக்கும் கிழட்டு யானை. வேறு காட்டிலிருந்து அனுப்பப்பட்டவர். அவர் தலையை ஆட்டினால் மசோதா சட்டமாகும். தும்பிக்கையை ஆட்டினால் பேரவைக்கே திரும்பும். மேட்டுக் குட்டையில் அப்போது எருமைகளின் முழங்காலளவுதான் சேறு இருந்தது. கையில் விலக்கு இருந்தாலும் சட்டமே இல்லாவிட்டால் இன்னும் வசதி, மசோதா ஒருமுறை திரும்பினால் போதும், சட்டமே வராமல் வெயில் ஏறிவிடும் என்று கணக்குப் போட்டார் சூட்சுமராயர். அவர் முன்கூட்டியே ஓடிப்போய் யானையின் காதருகில் நின்றுகொண்டார்.

மரகதம் காலையில் சொல்ல ஆரம்பித்தாள். யானைக்குக் குளிக்கும் நேரம் வந்தது, போயிற்று. கரும்பு தின்னும் நேரமும் போயிற்று. மரகதம் முடித்ததும் சூட்சுமராயர் குனிந்து, இதைத் திருப்பி அனுப்புவதுதான் தங்கள் மாண்புக்கு அழகு என்று கிசுகிசுத்தார். யானையின் தும்பிக்கை மெல்ல எழுந்தது.

தும்பிக்கை பாதியில் நின்றது. "திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்?" என்று யானை கேட்டார்.

"பேரவை மறுபடி நிறைவேற்றும். நான் மறுபடி வந்து சொல்வேன்," என்றாள் மரகதம்.

"முழுவதுமா?"

"முழுவதும். நடுவில் யாராவது ஏதாவது சேர்த்தால் அதையும் சேர்த்து."

யானை தலையாட்டினார். ஆட்டிய வேகத்தில் காது இரண்டும் முகத்தில் படார் படாரென்று அடித்தன. ஒப்புதல், ஒப்புதல், எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டு, குளிக்க ஓடியே போனார்.

இனி மிச்சம் அரசிதழ் மட்டும்தான். அந்தக் காட்டின் அரசிதழ் காகம். நாவல் மர உச்சியில் உட்கார்ந்து நான்கு திசையிலும் சட்டத்தின் பெயரைக் கரைந்தால்தான் சட்டம் நடப்புக்கு வரும். காகத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவதற்குள் வெள்ளச்சியின் கால் ஓய்ந்துபோனது. காகம் கிழக்கே பார்த்துக் கரைந்தது. தெற்கே கரைந்தது. அப்போது மேட்டில் புழுதி கிளம்பியது. குட்டை வற்றிவிட்டது. எருமைகள் இறங்கி வந்துகொண்டிருந்தன.

"வெள்ளச்சி, முட்டை கீறுது!" என்று கோரைக்குள்ளிருந்து சடையன் கத்தினான். "உள்ள குஞ்சு கத்துறது கேக்குது!"

காகம் மேற்கே கரைந்தது. பிறகு தொண்டை கட்டிக்கொண்டது. தண்ணீர் வேண்டும் என்றது. வெள்ளச்சி வாய் நிறையத் தண்ணீர் மொண்டு மர உச்சிக்குப் பறந்தாள். நாமக்கோழிக்கு அவ்வளவு உயரம் பறந்து பழக்கமே கிடையாது. எப்படிப் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. காரிமுத்து கரைக்கு வந்து முன்னங்காலைத் தூக்கினார். காகம் வடக்கே பார்த்துக் கரைந்தது.

"நில்லுங்கள்," என்றாள் மரகதம், காரிமுத்துவின் கொம்பில் வந்து உட்கார்ந்து. "சட்டம் நடப்பில் இருக்கிறது."

காரிமுத்து தூக்கிய காலைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் இல்லை, சட்டம் என்றால் நிற்கிறவர்தான். "எனக்கு ஒடம்பு சூடு தாயி. எனக்கு விலக்கு உண்டுன்னு நரி சொன்னாரே," என்றார்.

"உண்டு. அதற்குமுன் முழுவதையும் கேட்க வேண்டும்."

மரகதம் ஆரம்பித்தாள். முயல் வரியில் காரிமுத்துவின் இமை தாழ்ந்தது. அணில் வரியில் ஒட்டிக்கொண்டது. மரகதம் நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி அணில், மறுபடி தூக்கம். கோரையின் மறுபக்கத்தில் வாயைத் திறந்து காத்திருந்த சூட்சுமராயர் பொறுமையிழந்து ஓடிவந்தார். காரிமுத்துவின் காதில் ஊளையிட்டார். வாலை முறுக்கினார். ஒருவழியாகக் கீரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். முள்ளம்பன்றி வரும்போது எருமைக் கூட்டமே நின்றபடி குறட்டை விட்டது. சூட்சுமராயர் மரகதத்தின் காலில் விழாத குறை. கொஞ்சம் சுருக்கிச் சொல்லக் கூடாதா, ஓணானையும் நத்தையையுமாவது விட்டுவிடக் கூடாதா என்று கெஞ்சினார்.

"சேர்த்ததை நீக்க முடியாது அமைச்சரே. எனக்கு மறக்கத் தெரியாது," என்றாள் மரகதம்.

எத்தனையாவது அணிலுக்கோ காரிமுத்து திடுக்கிட்டு விழித்தார். வெயில் முதுகை உரித்தது. "ஏன் தாயி, அந்த மேக்குக் கரையில எறங்குறதுக்கு ஏதாச்சும் சட்டம் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப நான் அங்கயே போறேன். சேறு எங்க இருந்தாலும் சேறுதான். இந்த அணில் தொல்லை இல்லாம இருந்தாச் சரி."

கூட்டம் அவர் பின்னால் மேற்கே போயிற்று. அங்கே இறங்கிப் படுத்தது. அங்கே கூடு ஏதும் இல்லை.

சூட்சுமராயர் மனம் தளரவில்லை. எருமை போனால் என்ன, ஆய்வு செய்யும் விலக்கு அவர் கையில் இருந்தது. கோரையை நோக்கிக் காலெடுத்து வைத்தார். விலக்கைக் கேட்டு வாங்கியவர் அவரும்தானே என்று மரகதம் அவர் மூக்குக்கு நேரே வந்து உட்கார்ந்தாள்.

நரி எருமை மாதிரி இல்லை. இரண்டு கோரைத் தண்டை ஒடித்து இமைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கேட்டார். முயலைக் கேட்டார், அணிலைக் கேட்டார், நத்தையைக் கேட்டார். மயில் வரி வந்தபோது மயில் நிஜமாகவே ஆட வந்துவிட்டதால், சட்டப்படி அதையும் பார்க்க வேண்டியதாயிற்று. தான் சேர்த்த வரியைத் தானே கேட்டபோது அவர் பல்லைக் கடித்தது மேற்குக் கரை வரை கேட்டது. கண் மூடாமல் கடைசி வரைக்கும் கேட்டு முடித்தார். அதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

ஒரே பாய்ச்சலில் கோரைக்குள் இறங்கினார். கூட்டில் வெறும் முட்டை ஓடுகள் கிடந்தன. நடுக்குளத்தில், எந்த நரியும் எட்ட முடியாத ஆழத்தில், முட்டை ஈரம் உலர்ந்த குஞ்சுகள் கத்திக்கொண்டே வரிசையாக நீந்திக்கொண்டிருந்தன. முன்னால் சடையன். பின்னால் வெள்ளச்சி. அவள் கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது. சந்தோஷத்தில்தான். அவள் குஞ்சுகளுக்குத் தூக்கம் வரட்டும் என்று முணுமுணுப்பாக எதையோ சொல்லிக்கொண்டே நீந்தினாள்.

"எருமை என்பது முயலைக் குறிக்காது. எருமை என்பது அணிலைக் குறிக்காது..."

நீதி: சட்டம் கேட்டு வாங்கியவரைக் காப்பதில்லை; அதன் கடைசி வரி வரை கண் மூடாமல் உட்கார்ந்திருந்தவரைத்தான் காக்கும்.